லோயர் பெர்த் எண்

*அப்பா ஐஸ் ஹாக்கியின் சக்கரவர்த்தி. மகன் அதே ஆட்டத்தில், அப்பா நிற்காத இடத்தில் போய் நின்றார். மார்க் ஹவ் தனக்கென ஒரு பெயர் சம்பாதித்த கதை.*

ரயிலில் லோயர் பெர்த் கிடைத்தவர் முகத்தில் ஒரு தனி நிம்மதி தெரியும். 1940களில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணிகள் ஊர்விட்டு ஊர் ஆடப் போனது ரயிலில்தான். யார் கீழே படுப்பது, யார் மேலே ஏறுவது என்பதைச் சட்டையின் முதுகில் இருந்த எண் முடிவு செய்தது. சின்ன எண்காரருக்குக் கீழ்ப்படுக்கை. 1946இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியில் 17ஆம் எண்ணோடு சேர்ந்த 18 வயதுப் பையனிடம், ‘9 காலியாகிறது, வேண்டுமா?’ என்று பிறகு கேட்டார்கள். ராசியும் பார்க்கவில்லை, நியூமராலஜியும் பார்க்கவில்லை. காலை நீட்டித் தூங்கலாமே என்று வாங்கிக்கொண்டார்.

அந்தப் பையன் கோர்டி ஹவ். தூக்கத்துக்காக வாங்கிய அந்த எண், கால் நூற்றாண்டில் ஐஸ் ஹாக்கியின் கோயில் எண்ணாகிவிட்டது. பின்னாளில் இந்த ஆட்டத்தையே புரட்டிப்போட்ட வெய்ன் கிரெட்ஸ்கி, சிறுவயதில் கோர்டியின் பரம ரசிகர். ஜூனியர் அணியில் 9 வேறொருவரிடம் இருந்ததால்தான் இரண்டு ஒன்பதைச் சேர்த்து 99 போட்டுக்கொண்டார்.

ஊரெல்லாம் ஆசைப்பட்ட அந்த எண்ணை, கோர்டியின் சொந்த மகன் தன் தொழில் வாழ்க்கையில் அணியவில்லை. 22 ஆண்டுகள் தொழில்முறை ஹாக்கி ஆடினார். இரண்டு லீக்குகளில் 1,355 ஆட்டங்கள். அப்பா ஆடிய அதே டெட்ராய்ட்டிலும் ஆடினார். அங்கேயும் அவர் எண் 4தான்.

அவர் மார்க் ஹவ்.

கோணிப்பைக்குள் ஒரு ஜோடி

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஃப்ளோரல் என்ற குக்கிராமம். கோர்டி பிறந்தது அங்கே, 1928இல். ஒன்பது பிள்ளைகளில் ஆறாவது. குடும்பம் சஸ்கடூன் நகருக்குக் குடிபெயர்ந்த கையோடு உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்து சேர்ந்தது. கோதுமை விளையும் பூமியிலேயே சாப்பாட்டுக்கு இழுபறி.

ஒருநாள், கையில் காசில்லாத பக்கத்து வீட்டுப் பெண் பழைய துணி அடைத்த மூட்டை ஒன்றை எடுத்து வந்தார். அவர் கஷ்டம் பார்த்து கோர்டியின் அம்மா அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். மூட்டையைக் கொட்டினால் உள்ளே ஒரு ஜோடி ஸ்கேட். கோர்டி ஒன்றைப் பிடித்துக்கொள்ள, அக்கா எட்னா இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு காலில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கினார்கள். சில நாளில் அக்காவுக்கு அலுத்துவிட, இரண்டும் தம்பி வசம் வந்தன. ஹவ் குடும்பத்தின் ஹாக்கிச் சொத்து அந்த மூட்டையில்தான் ஆரம்பம். தம்பி விக் ஹவ்வும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக 33 ஆட்டங்கள் ஆடினார்.

கோர்டியின் சாதனைகளைச் சுருக்கமாகச் சொன்னால்கூட நீளும். ரெட் விங்ஸ் அணிக்காக 25 சீசன். 1950, 52, 54, 55 ஆண்டுகளில் லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது ஆறு முறை, அதிகப் புள்ளிகள் (போட்ட கோலும் உதவிய கோலும் சேர்த்து) விருது ஆறு முறை. என்.ஹெச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீகில் மொத்தம் 801 கோல். 1994இல் கிரெட்ஸ்கி தாண்டும்வரை அதுதான் உச்சம். முழங்கையை வீசுவதில் அவர் பெயர்போனவர். ஒரே ஆட்டத்தில் ஒரு கோல் போட்டு, இன்னொரு கோலுக்கு உதவி, ஒரு சண்டையும் போட்டால் அதற்கு ‘கோர்டி ஹவ் ஹாட்ரிக்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் சம்பளம் கேட்பதில் மனிதர் படு சங்கோஜி. உங்களுக்குத்தான் அதிகம் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னதை வருடக்கணக்கில் நம்பினார். தன்னைவிட அதிகம் வாங்கும் சக ஆட்டக்காரர் அணிக்குள்ளேயே இருப்பது 1960களின் கடைசியில்தான் தெரியவந்தது. சொன்னவர் அந்தச் சக ஆட்டக்காரர் பாப் பானேதான்.

அம்மாவின் அணி

கோர்டியின் மனைவி கொலீன். டெட்ராய்ட் ஒலிம்பியா ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருந்த பவுலிங் கூடத்தில் சந்தித்துப் பழகி, 1953இல் கல்யாணம். நான்கு பிள்ளைகள்: மார்ட்டி, மார்க், கேத்தி, மர்ரே.

அப்பா பாதி சீசன் வெளியூரில். பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பிப் பயிற்சிக்குக் கூட்டிப்போனது, மூட்டை மூட்டையாக ஹாக்கிச் சாமான்களைச் சுமந்தது எல்லாம் அம்மா. பதின்வயது முடியும் பையன்கள் உயர்மட்ட ஹாக்கி ஆட வேண்டுமென்றால் அன்று கனடாவுக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் அந்த அளவுக்கு ஜூனியர் அணி கிடையாது. கொலீன் உட்கார்ந்து புலம்பவில்லை. டெட்ராய்ட் ஜூனியர் ரெட் விங்ஸ் என்று ஓர் அணியையே நிறுவினார். பிற்காலத்தில் கணவருக்கும் மகன்களுக்கும் ஒப்பந்தம் பேசியதும் அவர்தான். விளையாட்டு ஏஜென்ட் என்றாலே கோட்டு போட்ட ஆண்கள் என்றிருந்த காலம் அது. கோர்டி ‘மிஸ்டர் ஹாக்கி’ என்றால் கொலீன் ‘மிஸஸ் ஹாக்கி’. இரண்டு பட்டப்பெயரையும் முறைப்படி பதிவு செய்துவைத்த கெட்டிக்காரர்.

அம்மாவின் பாடுக்கு முதல் பலன் ஜப்பானில் கிடைத்தது. 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி வெள்ளி வென்றபோது, மார்க்குக்கு வயது 16. ஒலிம்பிக் ஹாக்கியில் அத்தனை சின்ன வயதில் பதக்கம் வாங்கியவர் அதற்கு முன் இல்லை. மறுவருடம் கனடாவில் டொரன்டோ மார்ல்பரோஸ் அணிக்காக ஆடி, ஜூனியர் ஹாக்கியின் உச்சமான மெமோரியல் கோப்பையை வென்றார். தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

அப்பா பெயரால் கிடைத்தது என்று யாரும் சொல்ல முடியாத இரண்டு வெற்றிகள். ஏனென்றால் 1971இலேயே அப்பா மட்டையை வைத்துவிட்டார். மணிக்கட்டில் மூட்டுவாதம். ரெட் விங்ஸ் நிர்வாகம் துணைத் தலைவர் என்ற பதவியும் ஒரு மேஜையும் கொடுத்தது. வேலை மட்டும் கொடுக்கவில்லை.

அப்பாவைப் பெயர் சொல்லி

1973. என்.ஹெச்.எல்.லுக்குப் போட்டியாக டபிள்யூ.ஹெச்.ஏ. என்ற புது லீக் தொடங்கி ஒரு வருடம். 20 வயது ஆகாதவரை எடுப்பதில்லை என்பது அன்றைய நடைமுறை. ஹூஸ்டன் ஏரோஸ் அணி அதை ஒதுக்கிவிட்டு 18 வயது மார்க்கையும் 19 வயது மார்ட்டியையும் எடுத்துக்கொண்டது. அணியின் பயிற்சியாளர் பில் டினீன், கோர்டியோடு டெட்ராய்ட்டில் ஆடியவர். பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு நடக்கும்போதே கோர்டியிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது: மூன்றாவது ஹவ் ஒருவரும் வேண்டுமா?

அப்போது அவருக்கு வயது 45. மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, டெக்சாஸ் வெயிலில், பிள்ளைகளோடு பனியில் இறங்கினார். முதல் சில வாரப் பயிற்சியில் அப்பா படும் பாட்டைப் பார்த்து மகன்களே கவலைப்பட்டார்கள். சீசன் முடிந்தபோது கணக்கு வேறாக இருந்தது. கோர்டி 100 புள்ளிகள், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். மார்க் 38 கோல், ஆண்டின் சிறந்த அறிமுக வீரர். ஏரோஸுக்கு 1974இலும் 75இலும் சாம்பியன் கோப்பை. ஒரு அணி, ஒரு அப்பா, இரண்டு பிள்ளைகள். உலகத்தில் எந்தப் பெரிய தொழில்முறை விளையாட்டிலும் அதற்கு முன் நடக்காத காட்சி.

ஆட்டத்தின் நடுவே அப்பாவை எப்படிக் கூப்பிடுவது? நம் ஊரில் நினைத்தாலே நாக்கைக் கடித்துக்கொள்வோம். மார்க்கும் மார்ட்டியும் தளத்தில் ‘கோர்டி’ என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒரு விநாடியில் 30 அடி பறக்கும் ஆட்டத்தில் ‘அப்பா’ என்று கத்தினால் எதிரணிக்காரன் சும்மா விடுவானா? வீட்டில் அப்பா, பனியில் கோர்டி.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு எல்லை இருந்தது. ஒரு ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவர் மார்க்கைக் கீழே தள்ளி மேலே ஏறி அமுக்கிக்கொண்டிருந்தார். கோர்டி பக்கத்தில் போய், பையனை விடு என்று மரியாதையாகச் சொன்னார். அவர் விடவில்லை. கையுறையைக் கழற்றிய கோர்டி, இரண்டு விரலை அந்த ஆளின் மூக்குத் துவாரங்களில் விட்டு அப்படியே மேலே தூக்கினாராம். மார்க் வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்த கதை இது.

1974இல் சோவியத் அணியோடு நடந்த தொடரில் கனடா அணிக்காக மூவரும் ஒன்றாக ஆடினார்கள். 1979 ஜனவரியில் மாஸ்கோ டைனமோ அணிக்கு எதிராக, நடுவில் 17 வயது கிரெட்ஸ்கி, ஒரு பக்கம் 50 வயது கோர்டி, மறுபக்கம் மார்க். எட்மன்டனில் அன்று அந்த வரிசையைப் பார்த்தவர்கள் ஹாக்கியின் நேற்று, இன்று, நாளை மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டார்கள்.

> ஆட்டம் புதிதா? அரை நிமிடத்தில்…
>
> ஐஸ் ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் பலகைச் சுவர். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று முன்வரிசைக்காரர்கள்.
>
> பந்துக்குப் பதில் ‘பக்’ என்ற ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே உறைய வைத்துவிடுவார்கள்.
>
> 20 நிமிடப் பகுதிகள் மூன்று. ஒருவர் முக்கால் நிமிடம்போல உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு வெளியே வர, அடுத்தவர் வேலி தாண்டிக் குதிப்பார். ஆட்டம் நிற்காது.
>
> ‘கூட்டல் கழித்தல்’ என்றொரு கணக்கு உண்டு. இரு பக்கமும் சம பலத்தில் ஆடுகையில், நீங்கள் தளத்தில் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் உங்களுக்கு +1. கோல் வாங்கினால் -1. கோல் போடாதவரின் மதிப்பையும் இது காட்டிக்கொடுக்கும்.

51 வயதில் 80 ஆட்டம்

ஹவ் குடும்பம் 1977இல் ஹூஸ்டனை விட்டு நியூ இங்கிலாந்து வேலர்ஸ் அணிக்குப் போனது. இரண்டு வருடத்தில் டபிள்யூ.ஹெச்.ஏ. மூடப்பட, அதன் நான்கு அணிகளை என்.ஹெச்.எல். சேர்த்துக்கொண்டது. அதில் ஒன்றான வேலர்ஸ், ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் ஆனது. அந்த 1979-80 சீசனில் அணியின் 80 ஆட்டங்களிலும் கோர்டி ஆடி 15 கோல் போட்டார். நடுவே 52 வயதும் நிறைந்தது.

1980 பிப்ரவரியில் ஆல் ஸ்டார் ஆட்டம் டெட்ராய்ட்டில். வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். கடைசியாக 9ஆம் எண். அறிவிப்பாளர் பெயரைச் சொல்லவே இல்லை. 21,000 பேர் எழுந்து நின்றார்கள். உட்கார மறுத்தார்கள். நிமிடக்கணக்கில் ஓயாத ஆரவாரத்தில் அந்த மனிதர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தார். மார்ச்சில் அதே டெட்ராய்ட்டில் கோர்டி, மார்க், மார்ட்டி மூவரும் என்.ஹெச்.எல். ஆட்டத்தில் ஒரே வரிசையில் இறங்கினார்கள். சீசன் முடிந்ததும் கோர்டி விடைபெற்றார்.

ஆலமரத்தடியில் புல்கூட முளைக்காது என்பார்கள். மார்க் செய்த புத்திசாலித்தனம், நிழலோடு மல்லுக்கட்டாமல் கொஞ்சம் தள்ளிப்போனது. ஹூஸ்டனில் அவர் ஆடியது முன்வரிசையில், இடது விங்கில். கோல் போடுவதுதான் வேலை. அங்கேயே இருந்தால் வாழ்நாள் முழுக்க 801 என்ற எண் தலைக்கு மேல் தொங்கும். படிப்படியாகப் பின்வரிசைக்கு வந்து, என்.ஹெச்.எல். வந்தபோது முழுநேரத் தடுப்பாட்டக்காரர் ஆகிவிட்டார். பயிற்சியாளர்களின் தேவையால் நடந்த மாற்றம்தான். ஆனால் அந்த இடத்தில்தான் அவர் ஆட்டம் விரிந்தது. கோர்டி முழங்கையால் வழி செய்துகொண்டவர். மார்க் முன்கூட்டியே வழியைப் பார்த்துவிடுவார். பக்கைப் பறித்த மறுநொடி நீளமாக ஒரு பாஸ், அல்லது தானே சறுக்கிக்கொண்டு எதிரணி எல்லைக்குள் போய்விடுவார். முன்வரிசையில் பழகிய கால்கள் வீணாகவில்லை.

இரும்பு முனை

1980 டிசம்பர் 27. நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியோடு ஆட்டம். எதிரணிக்காரரைத் துரத்திப் பின்னால் ஓடிவந்த மார்க் தடுமாறி விழுந்து, கால்கள் முன்னே நீள, தன் அணியின் கோல் வலையை நோக்கிச் சறுக்கிப் போனார். அன்றைய கோல் வலையின் அடித்தகட்டின் நடுவில் கூர்மையான இரும்பு முனை ஒன்று முன்பக்கம் நோக்கி நீண்டிருக்கும். மோதிய வேகத்தில் வலை தூக்கிக்கொள்ள, அந்த முனை அவர் தொடையின் மேற்புறத்தில், பிட்டத்தின் அருகே குத்தி உள்ளே இறங்கியது. முதுகெலும்புக்கு மயிரிழையில் தப்பினார். பனியெல்லாம் ரத்தம்.

உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். சில வாரங்களிலேயே மீண்டும் ஆட வந்தது அவசரம். உடம்பு மெலிந்து, பழைய வேகம் திரும்பாமல் தடுமாறினார். ஹார்ட்ஃபோர்ட்டில் இனி இவர் தேற மாட்டார் என்ற முணுமுணுப்பு எழுந்தது. 1982இல் அவரை வேறு அணிக்கு மாற்றிக்கொடுத்துவிட்டார்கள்.

அந்த விபத்தால் ஆட்டத்துக்கு ஒரு நன்மை விளைந்தது. கோல் வலையின் நடுமுனை நீக்கப்பட்டது. மோதினால் விலகிக்கொடுக்கும் வலைகள் வந்தன. இன்று பனியில் வழுக்கி வலையில் மோதி எழுந்து போகும் ஒவ்வொரு சிறுவனும், தெரியாமலே மார்க் ஹவ்வுக்குக் கடன்பட்டவன்.

கோப்பை இல்லாத கீர்த்தி

ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ். இங்கேதான் ‘கோர்டியின் மகன்’ என்ற அடைமொழி உதிர்ந்தது. முதுகில் 2ஆம் எண். பத்து சீசன் ஆடினார்.

1985-86 சீசன் அவர் உச்சம். அந்த அணிக்கு அது சோக வருடமும்கூட. நவம்பரில் இளம் கோல்கீப்பர் பெல்லே லிண்ட்பெர்க் கார் விபத்தில் இறந்தார். உடைந்துபோன அணியைத் தாங்கியவர்களில் மார்க்கும் அவர் ஜோடி பிராட் மெக்ரிமனும் முக்கியமானவர்கள். மார்க் 24 கோல் போட்டு 58 கோலுக்கு உதவினார். தடுப்பாட்டக்காரருக்கு அது மலைக்கவைக்கும் கணக்கு. கூட்டல் கழித்தலில் ஜோடி இருவருமே 80ஐத் தாண்டினார்கள். அதாவது, இவர்கள் தளத்தில் நின்றால் எதிரணிக்கு அநேகமாக வேலையே இல்லை. தண்டனையால் அணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில் அவர் வாழ்நாளில் போட்ட கோல்கள் 28. தடுப்பாட்டக்காரர்களில் அது சாதனை.

சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதில் 1983, 86, 87 என மூன்று முறை இரண்டாம் இடம். முதலிடத்தில் இருந்தவர்கள் ராட் லாங்வே, பால் காஃபி, ரே போர்க். மூவரும் ஜாம்பவான்கள். ஸ்டான்லி கோப்பையிலும் அதே கதை. 1985 இறுதியில் கிரெட்ஸ்கியின் எட்மன்டன் ஆயிலர்ஸ் வென்றது. 1987இல் அதே ஆயிலர்ஸோடு ஏழாவது ஆட்டம்வரை இழுத்துப்போய், கடைசியில் 3-1 எனத் தோற்றார்கள். முதுகு வலி ஆட்டங்களைத் தின்னத் தொடங்கியது. 1992இல் ரெட் விங்ஸுக்கு வந்தார். அப்பாவின் ஊர், தான் பிறந்த ஊர். 1995இல் 40 வயதை எட்டிய நேரத்தில் மறுபடி இறுதிப் போட்டி. நியூ ஜெர்சி டெவில்ஸ் நான்குக்கு நான்கும் வென்றது. மார்க் அத்தோடு விடைபெற்றார்.

அப்பாவுக்கு நான்கு கோப்பை. மகனுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஓய்வுக்குப் பின் ரெட் விங்ஸின் திறமை தேடும் குழுவில் சேர்ந்தார். ஊர் ஊராக அலைந்து, கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து, மற்றவர் ஆட்டத்தை எடைபோட்டு எழுதும் வேலை. 1997, 98, 2002, 2008 என நான்கு முறை ரெட் விங்ஸ் கோப்பை வென்றபோது அவர் அந்த அமைப்பில் இருந்தார். அப்பாவின் கணக்கை மகன் சூட் போட்டுக்கொண்டு சமன் செய்தார்.

ஹாக்கி எல்லாப் பிள்ளையையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அண்ணன் மார்ட்டி நல்ல தடுப்பாட்டக்காரர். ஆனால் என்.ஹெச்.எல்.லில் நிலைக்கவில்லை. கடைக்குட்டி மர்ரேவும் ஹாக்கிக்காரனாகத்தான் கனவு கண்டார். மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காமல் போக, மருத்துவம் படித்துக் கதிரியக்க மருத்துவரானார். அப்பா எந்தப் பிள்ளையையும் இதுதான் ஆக வேண்டும் என்று நெருக்கவில்லை. பிற்காலத்தில் அப்பாவைப் பற்றி மர்ரே எழுதிய புத்தகம் அந்தப் பெருந்தன்மையைத்தான் பேசுகிறது.

அந்த ஒரே ஒரு ஆசை

கொலீன், ஞாபகத்தைத் தின்னும் பிக்ஸ் நோயோடு பல வருடம் போராடி 2009இல் மறைந்தார். அடுத்த ஈராண்டில் மார்க்குக்கு அந்த அழைப்பு வந்தது. டொரன்டோவில் உள்ள ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம். ஓய்வுபெற்று 16 வருடம் கழித்து. கோர்டி அங்கே போனது 1972இல்.

2011 செப்டம்பரில், அவருடைய பழைய ஜோடி மெக்ரிமன் பயிற்சியாளராக இருந்த ரஷ்ய அணி சென்ற விமானம் யாரோஸ்லாவ்லில் விழுந்தது. மெக்ரிமன் பிழைக்கவில்லை. இரண்டே மாதத்தில், நவம்பர் 14 அன்று, மார்க் மேடை ஏறினார். 83 வயது கோர்டி கீழே உட்கார்ந்திருந்தார்.

மார்க் பேசினார். அம்மாவைப் பற்றி, கூட ஆடியவர்களைப் பற்றி. பிறகு ஒரு விஷயம் சொன்னார். அப்பா தன்னிடம் எதையும் கேட்டதே இல்லை. ஆடி முடித்த பிறகு ஒருமுறை மட்டும், ரெட் விங்ஸில் இருந்தபோது என் 9ஆம் எண்ணை ஒரே ஒரு ஆட்டத்துக்காவது நீ போட்டிருக்கலாம் என்று ஆசைப்பட்டுச் சொன்னாராம்.

சொல்லிவிட்டு மேடையிலேயே சிவப்புச் சட்டை ஒன்றை எடுத்தார். முதுகில் 9. விழாவுக்குப் போட்டிருந்த உடைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 56.

அடுத்த மார்ச்சில் ஃபிலடெல்ஃபியா, மார்க்கின் 2ஆம் எண்ணை இனி யாருக்கும் இல்லை என்று அரங்கத்தின் உச்சியில் ஏற்றியது. அன்று எதிரணி ரெட் விங்ஸ். 2016 ஜூனில் 88 வயதில் கோர்டி மறைந்தபோது, அவர் உடலை டெட்ராய்ட் அரங்கத்தில் வைத்தார்கள். காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிவரை ஊர் வரிசையில் வந்து பார்த்தது.

ஒரு ரயில் படுக்கைக்காக வாங்கிய எண். அதை வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு ஆட எத்தனையோ பேர் தயாராக இருந்தார்கள். மகன் அதைப் போட்டது சில நிமிடம். ஸ்கேட் இல்லாமல், மட்டை இல்லாமல், கம்பள விரிப்பின் மேல் நின்றுகொண்டு.